கறுப்புத் துணியில் கறுப்பு நூல்: தையல்காரர் ஒருவரின் கண்புரை அறுவையும் லென்ஸ் தேர்வும்

நோயாளி

63 வயது ஆண். தென் தமிழகத்தில் ஒரு சிற்றூர், சொந்தமாகத் தையல் கடை. இடது கண்ணில் ஓராண்டாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, வலது கண்ணும் முன்போல் இல்லை. பயிற்சிக்காக எழுதப்படும் இந்த நிகழ்வு, ஒரே வகையான பல நோயாளிகளின் விவரங்களை ஒருவராக்கித் தொகுத்தது. எண்கள் எல்லாம் கண் மருத்துவமனையில் அன்றாடம் காணும் வரம்புக்குள் உள்ளவை.

அவர் சொன்ன குறைகளில் தூரப் பார்வை கடைசியாகத்தான் வந்தது. “கறுப்பு பேன்ட்டுக்குக் கறுப்பு நூல் போட்டா தையல் எங்க ஓடுதுன்னே தெரியல டாக்டர். நேவி ப்ளூவும் கறுப்பும் ஒண்ணாத் தெரியுது” என்பதுதான் முதல் வாக்கியம். இரவில் டூவீலரில் வீடு திரும்பும்போது எதிரே வரும் விளக்கு உடைந்து சிதறுகிறது என்பது இரண்டாவது. மூன்றாவதைக் குறையாகவே அவர் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் திடீரென்று கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோக்க முடிந்ததாம். கண் தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

இந்த மூன்றையும் கேட்டாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும். லென்ஸின் நடுக்கரு இறுகும்போது அதன் ஒளிவிலகல் கூடுகிறது, கண் கிட்டப்பார்வைப் பக்கம் நகர்கிறது. ஊசி கோக்க முடிந்தது அதனால்தான். அதே கரு மஞ்சளித்து நீல ஒளியை விழுங்குவதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகின்றன. விளக்கொளி சிதறுவதற்கோ லென்ஸின் பின்னுறையை ஒட்டிப் படியும் புரையே பெரும்பாலும் காரணம். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது இடது கண்ணில் இரண்டும் இருந்தன. நடுக்கரு மூன்றாம் நிலைக்கு மேல் இறுகியிருந்தது, பின்னுறை அருகே நடுவில் ஒரு படலம். கண்ணாடி போட்டும் இடது கண் 6/36, வலது கண் 6/12 (6/6 என்பது முழுப் பார்வை).

சர்க்கரை நோய் 11 ஆண்டுகளாக. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 7.6. விழித்திரையில் ஆரம்ப நிலை நீரிழிவுப் பாதிப்பு, சில நுண்வீக்கப் புள்ளிகள் மட்டும். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் மாக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) நீர் கோக்கவில்லை, நடுத்தடிமன் 268 மைக்ரான். கண் அழுத்தம் சரி. கண்ணின் முன்புறத் தெளிபடலமான கார்னியாவின் உள்ளணுக்கள் சதுர மில்லிமீட்டருக்கு 2,350, இது போதுமானது.

மருந்துப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருந்தது. சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் எல்லோரும் சொல்வார்கள். யூரின் மாத்திரையைக் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்டபோது, புராஸ்டேட் வீக்கத்துக்காக மூன்று ஆண்டுகளாக டாம்சுலோசின் 0.4 மி.கி. எடுப்பது தெரியவந்தது. இந்த மருந்து கண்பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸின் தசையையும் தளர்த்திவிடும். அறுவையின் நடுவே ஐரிஸ் துணிபோல் அலையடிக்கும், வெட்டுவாய்களை நோக்கி வெளியே வரப் பார்க்கும், விரித்து வைத்த கண்பாவை சுருங்கிக்கொண்டே போகும். 2005இல் சாங், கேம்பெல் இருவரும் இதை விவரித்து எழுதிய பிறகு, ஆண் நோயாளிகளிடம் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்பது வழக்கமாயிற்று. மாத்திரையைச் சில நாள் நிறுத்தினால் போதும் என்று நம்பக் கூடாது. நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் ஐரிஸ் இப்படி நடந்துகொள்வதுண்டு. நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியும் வரலாம். எனவே மாத்திரை தொடர்ந்தது, ஆயத்தம் மாறியது.

அளவீடு

புரையை எடுத்தபின் உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸின் பவரைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு அளவுகள்: கண்ணின் நீளம், கார்னியாவின் வளைவு. நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் அறுவைக்குப் பிந்தைய பவரில் ஏறத்தாழ 2.5 டயாப்டர் (பவரின் அலகு) பிசகும். வளைவில் 1 டயாப்டர் பிசகினால் பவரிலும் கிட்டத்தட்ட அந்த 1 டயாப்டர் அளவே, 0.9. கண்ணைத் தொட்டு அளக்கும் பழைய அல்ட்ராசவுண்ட் முறையில் கார்னியா அழுந்தி நீளம் குறைந்து காட்டும். ஒளிமுறைக் கருவியில் அந்தத் தொல்லை இல்லை. புரை மிக முற்றி ஒளி உள்ளே போகாத கண்ணுக்குத்தான் இப்போது அல்ட்ராசவுண்ட் தேவைப்படுகிறது.

இடது கண்ணின் நீளம் 23.42 மி.மீ. நான்கு முறை எடுத்தும் மாறவில்லை. கார்னியாதான் சிக்கலாயிற்று. முதல் நாள் எடுத்த மூன்று அளவுகளில் சிலிண்டர் பவர், அதாவது இரு திசை வளைவுகளுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்றில் 1.1, அச்சு 160 டிகிரி. இன்னொன்றில் 2.6, அச்சு 8. மூன்றாவதில் 1.7, அச்சு 172. ஒரே கண், ஒரே கருவி, பத்து நிமிட இடைவெளி. இங்கே சராசரி போட்டுக் கணக்கை முடிப்பவர்கள் உண்டு. அது பெரிய பிழை. ஒரு கார்னியா பத்து நிமிடத்தில் வடிவம் மாறாது. மாறுவது அதன் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலம்தான்.

ஃப்ளூரசின் சாயம் இட்டுப் பார்த்ததில் கண்ணீர்ப் படலம் 4 வினாடியில் உடைந்தது. பத்துக்கு மேல் இருக்க வேண்டும். இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தன. நாள் முழுக்க ஊசிமுனையையே பார்த்து, கண் சிமிட்டுவதைக் குறைத்துக்கொண்ட தொழிலில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். அறுவைத் தேதி தள்ளிவைக்கப்பட்டது. தினம் இரு வேளை பத்து நிமிடம் இமைகளுக்கு வெந்நீர் ஒத்தடம், பிறகு இமை விளிம்பை மெதுவாக நீவிச் சுத்தம் செய்தல், கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5% சொட்டு நான்கு வேளை. மூன்று வாரம் கழித்துப் படலம் 8 வினாடி நின்றது. மறுபடி அளந்தபோது சிலிண்டர் 1.9, 2.0, 2.1. அச்சு 176க்கும் 180க்கும் இடையில். இதை நம்பலாம்.

கணக்குக்கு எடுத்துக்கொண்டவை: தட்டையான வளைவு 42.87, செங்குத்தில். அதிகமான வளைவு 44.87, 178 டிகிரியில். கார்னியா எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல் கரண்டியின் முதுகுபோல் இருக்கிறது, இதைத்தான் அஸ்டிக்மாடிசம் என்கிறோம் என்று அவருக்கு விளக்கப்பட்டது. முதல் நாளின் 1.1ஐ நம்பியிருந்தால் சிலிண்டர் திருத்தம் ஒரு படியோ இரண்டு படியோ குறைந்த லென்ஸ் உள்ளே போயிருக்கும், அறுவைக்குப் பிறகும் கண்ணாடி கட்டாயமாகியிருக்கும்.

கார்னியாவின் முன்புறத்தை மட்டும் அளக்கும் கருவிகளுக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலானோருக்குக் கார்னியாவின் பின்புறமும் கிடைமட்டத்தில் சுமார் 0.3 டயாப்டர் சேர்க்கிறது. இவருடையது ஏற்கெனவே கிடைமட்ட அஸ்டிக்மாடிசம் என்பதால் உண்மையான அளவு கருவி காட்டுவதைவிட அதிகம். சிலிண்டரைத் திருத்தும் டோரிக் லென்ஸுக்கான பேரெட் கணிப்பான் இதைச் சேர்த்தே கணக்கிடுகிறது. காதுப்பக்கம் போடும் 2.4 மி.மீ. வெட்டு கிடைமட்ட வளைவைச் சற்றுத் தட்டையாக்கும் என்பதால் 0.2 கழிந்தது. நிகரமாகத் திருத்த வேண்டியது 2.1 டயாப்டர்.

எந்த லென்ஸ்

மகன் தெளிவாகச் சொன்னார்: “அப்பாவுக்கு எல்லாத் தூரமும் தெரியற லென்ஸே வைங்க டாக்டர். காசைப் பத்தி யோசிக்க வேண்டாம்.” அன்பினால் சொல்வது. ஆனால் விலைப்பட்டியலின் உச்சியில் இருப்பது இந்தக் கண்ணுக்கும் உச்சி என்று அவரும் எடுத்துக்கொண்டிருந்தார். கவுன்சலிங் மேசைகளில் லென்ஸ்களை விலை வரிசையில் அடுக்கிக் காட்டுவதால் வரும் வினை இது. தொழிலையும் விழித்திரையையும் முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் லென்ஸைப் பேச வேண்டும்.

மூன்று தூரத்துக்குமான டிரைஃபோகல் லென்ஸ் காகிதத்தில் தையல்காரருக்காகவே செய்ததுபோல் இருக்கும். தூரம் ஒன்று, சுமார் 60 செ.மீ. ஒன்று, 40 செ.மீ. ஒன்று. தையல் மிஷினும் ஊசியும் அந்த இரண்டு தூரங்களில்தான் இருக்கின்றன. அதன் வேலைமுறையைப் பார்த்தால் கதை மாறும். லென்ஸின் மேல் வட்டவட்டமாகச் செதுக்கிய நுண்படிகள், உள்ளே வரும் ஒளியைப் பங்கு போட்டு வெவ்வேறு குவியங்களுக்கு அனுப்புகின்றன. ஒரு சிறு பகுதி எந்தக் குவியத்துக்கும் போகாமல் வீணாகிறது. ஊசியைப் பார்க்கும் நேரத்தில் ஊசிக்கான குவியத்தில் விழுவது மொத்த ஒளியில் ஒரு பங்குதான். மீதி, குவியாத ஒளியாக அதன் மேலேயே படர்கிறது. பளிச்சென்ற வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் படிக்க இது தடையாகாது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரித்துப் பார்க்க வேண்டியவருக்கு நேரடியாக அடிபடுவது இங்கேதான். இவருடைய தொழிலின் உயிர் கான்ட்ராஸ்ட். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் இந்த வகையில் அதிகம். இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அது வேறு தொல்லை.

கண்ணின் நிலையும் எதிராக இருந்தது. நீரிழிவு விழித்திரையில் கால் வைத்துவிட்டது. இன்று மாக்குலா நன்றாக இருக்கிறது. பத்து ஆண்டுகளில் அங்கே நீர் கோத்தால் விழித்திரையே கான்ட்ராஸ்டை இழக்கும், அதன்மேல் லென்ஸும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கண் வறட்சி மருந்தால் அடங்கியிருக்கிறதே தவிரப் போய்விடவில்லை. டிரைஃபோகல் வைத்தபின் “தெரியுது, ஆனா தெளிவா இல்ல” என்று திரும்பி வருபவர்களில் பலருக்குக் காரணம் கண்ணீர்ப் படலம்தான்.

நீள்குவிய லென்ஸ், அதாவது இடோஃப், இங்கே உண்மையிலேயே யோசிக்கப்பட்டது. ஒளியைப் பங்கு போடாமல் அலைமுகத்தை மட்டும் நீட்டும் வகைகள் இப்போது உள்ளன. தூரத்திலிருந்து ஏறக்குறைய கை நீட்டும் தூரம்வரை தெரியும், வளையங்கள் குறைவு. ஊசி கோக்கக் கண்ணாடி வேண்டும். வேறொரு மருத்துவர் இதே கண்ணுக்கு இதை வைத்தால் அதைத் தவறென்று சொல்ல மாட்டோம். ஆனால் அதே பயனை வேறு வழியிலும் பெறலாம்: ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைச் சற்றுக் கிட்டத்துக்கும் அமைத்து, இரண்டிலும் முழுக் கான்ட்ராஸ்ட் தரும் ஒற்றைக் குவிய லென்ஸை வைப்பது. மினி மோனோவிஷன் என்று சொல்வார்கள். லென்ஸில் எந்த வேலைப்பாடும் இல்லை. வேலை எல்லாம் கணக்கில்தான்.

அறுவைக்குப் பின் புற ஊதா ஒளியால் பவரை மாற்றும் லென்ஸுக்கு 2017இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அந்த ஒளியைப் பாய்ச்சக் கண்பாவை நன்றாக விரிய வேண்டும். டாம்சுலோசின் எடுக்கும் இவருக்கு விரிவதே 4.8 மி.மீ.தான். ஊசித்துளைத் தத்துவத்தில் வரும் லென்ஸ் வெளிச்சத்தைக் குறைக்கும். அதுவும் இவருக்கு வேண்டாம்.

சிறுவெட்டு முறையான எஸ்ஐசிஎஸ் பற்றி ஒரு சொல். புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் பேக்கோ இயந்திரம் இல்லாமல், சுமார் 6 மி.மீ. சுரங்க வெட்டில், தையல் போடாமல் செய்வது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோருக்குப் பார்வை கொடுத்த முறை, கல்லாக இறுகிய புரைக்கு இன்றும் பாதுகாப்பானது. 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992இல் அங்கே எழுந்த ஆரோலேப் தொழிற்கூடமும் லென்ஸ் விலையை ஏழைகளின் கைக்கு எட்ட வைத்தபின் இந்த முறை வேரூன்றியது. அதை இரண்டாந்தரம் என்று பேசுவது அறியாமை. இவருக்கு அதைத் தவிர்த்ததற்குக் காரணம் வேறு. வழக்கமாக மேற்பக்கம் போடும் அந்த வெட்டு செங்குத்து வளைவைத் தட்டையாக்கும். இவருக்குச் செங்குத்து ஏற்கெனவே தட்டை, இருக்கும் சிலிண்டர் இன்னும் கூடிவிடும். தவிர, சிலிண்டரைத் திருத்தும் டோரிக் லென்ஸ் மடித்து உள்ளே செலுத்தும் வகை.

ஃபெம்டோ லேசர் வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது. லென்ஸின் முன்னுறையில் வட்டம் வெட்டுவதை லேசர் அழகாகச் செய்யும். கையால் செய்த பேக்கோவோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் இறுதிப் பார்வையில் சொல்லும்படியான மேன்மை தெரியவில்லை. அந்தப் பணத்தை டோரிக்குக்குக் கொடுப்பது இந்தக் கண்ணுக்கு நேரான பலன் தரும்.

முடிவு: இடது கண்ணுக்கு ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக் ஒற்றைக் குவிய டோரிக் லென்ஸ். பவர் 21.5, லென்ஸ் தளத்தில் சிலிண்டர் 3.0. கார்னியா தளத்தில் இது சுமார் 2.06க்குச் சமம். அச்சு 178 டிகிரி. இலக்கு −0.25, அதாவது தூரம். இடது கண்தான் குறிபார்க்கும் கண் என்பதால் தூரம் அதற்கு. வலது கண்ணை −1.25க்கு அமைப்பது. ஊசி கோக்கக் கண்ணாடி தேவைப்படும் என்பதை மூன்று முறை சொல்லி, மகன் முன்னிலையில் எழுதி வாங்கப்பட்டது. எதிர்பார்ப்பை முன்கூட்டியே சரிசெய்யாத அறுவை, எவ்வளவு அழகாக நடந்தாலும் நோயாளிக்குத் தோல்வியாகத் தெரியும்.

அறுவை

படுத்தால் கண் சற்றே சுழலும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 டிகிரி, சிலருக்கு 10க்கும் மேல். ஆகவே டோரிக் அச்சுக்கான குறிகள் நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்க்கும்போதே இடப்பட்டன. போவிடோன் அயோடின் 5% கண்ணின் மேற்பரப்பில் சொட்டாக விட்டு மூன்று நிமிடம். தொற்றைத் தடுக்கும் படிகளில் இதைவிட மலிவானதும் உறுதியானதும் வேறில்லை. அவசரத்தில் அரை நிமிடமாகச் சுருக்குவது மன்னிக்க முடியாதது. மரத்துப்போக புரோபராகெய்ன் சொட்டு, உள்ளே பாதுகாப்பு ரசாயனம் கலக்காத 1% லிக்னோகெய்ன்.

காதுப்பக்கம் 2.4 மி.மீ. வெட்டு, பக்கவாட்டில் 1 மி.மீ. துளை. தளர்ந்த ஐரிஸ் உள்ள கண்ணில் வெட்டு வழக்கத்தைவிடச் சற்று நீண்டு கார்னியாவுக்குள் போக வேண்டும். குட்டையான வெட்டில் ஐரிஸ் உடனே வெளியே வந்துவிடும். நீர்த்த எபிநெஃப்ரின் செலுத்தியதில் கண்பாவை 5.4 மி.மீ. வரை போய் நின்றது. 7 மி.மீ. விரிப்பு வளையம் பொருத்தப்பட்டது. 6.25 அளவும் உண்டு. ஆனால் லென்ஸின் அச்சுப் புள்ளிகள் அதன் விளிம்பை ஒட்டி இருப்பதால் டோரிக்குக்குப் பெரியது வசதி.

முன்னுறையில் 5.2 மி.மீ. வட்டத் திறப்பு. 6 மி.மீ. லென்ஸின் விளிம்பை உறை எல்லாப் பக்கமும் சீராக மூட வேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் உறை சுருங்கும்போது லென்ஸ் சாயும். உறைக்கும் புரைக்கும் இடையே நீர் செலுத்திப் பிரித்தபின், நீரின் வேகத்தையும் உறிஞ்சலையும் குறைத்து வைத்துக் கரு நான்காகப் பிளந்து எடுக்கப்பட்டது. பின்னுறை முழுசாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த மெல்லிய படலம் மெருகேற்றி நீக்கப்பட்டது. உறையை விரித்துத் தாங்கும் ஜெல் நிரப்பி, லென்ஸ் செலுத்தி, இலக்குக்கு வலஞ்சுழியாகத் திருப்பி 178இல் நிறுத்தப்பட்டது.

இதற்கு அடுத்த இரண்டு நிமிடங்கள்தான் இந்த நிகழ்வின் முக்கியப் பகுதி. வளையத்தைக் கழற்ற, கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையிலுள்ள முன்னறையில் ஜெல் இருந்தாக வேண்டும். எனவே வளையம் முதலில் கழற்றப்பட்டது, ஜெல் பிறகு உறிஞ்சப்பட்டது. வளையம் வெளியே வந்ததும் கண்பாவை 4 மி.மீ.க்குச் சுருங்கியது, அச்சுப் புள்ளிகள் ஐரிஸுக்குப் பின்னால் மறைந்தன. புள்ளிகள் தெரியாத நிலையில் லென்ஸைச் சுற்றி ஜெல் உறிஞ்சப்பட்டது. உறிஞ்சும் முனை லென்ஸின் பின்புறம் போகவில்லை. கடைசியில் பாதுகாப்பு ரசாயனம் கலக்காத மாக்சிஃப்ளாக்சாசின் 0.5%, 0.1 மி.லி. கண்ணுக்குள் செலுத்தி, வெட்டுவாய்களுக்கு நீரேற்றி மூடப்பட்டது. இந்த ஊசியின் பலன் தமிழ்நாட்டிலேயே நிறுவப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைத் தொகுத்து அரவிந்த் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுள் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02க்கு இறங்கியிருந்தது.

சுழன்ற லென்ஸ்

மறுநாள் கண் அமைதி. அழுத்தம் 19. கண்ணாடி இல்லாமல் 6/12. நோயாளி மகிழ்ச்சியாக இருந்தார். 6/36இலிருந்து வந்தவருக்கு அது பெரிய வெளிச்சம்தான். ஆனால் கணக்கின்படி 6/6 தெரிய வேண்டிய கண் அது. கார்னியா தெளிவாக இருக்க, பவர் சோதனையில் ஏறத்தாழ 1 டயாப்டர் சிலிண்டர், அதுவும் சாய்ந்த அச்சில். டோரிக் வைத்த கண்ணில் சாய்ந்த அச்சில் எச்சம் தெரிந்தால் லென்ஸ் திரும்பிவிட்டது என்றே முதலில் எண்ண வேண்டும். கண்பாவையை விரித்து, கண்ணைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கச் சொன்னபோது விளிம்பருகே புள்ளிகள் தெரிந்தன. 178இல் இருக்க வேண்டிய அச்சு 12இல் இருந்தது. இடஞ்சுழியாக 14 டிகிரி.

கணக்கும் ஒத்துப்போனது. ஒரு டிகிரி விலகலுக்குத் திருத்தத்தில் சுமார் 3.3 விழுக்காடு போய்விடும். 30 டிகிரி விலகினால் டோரிக் வைத்ததும் வைக்காததும் ஒன்றே. 14 டிகிரியில் கிட்டத்தட்டப் பாதி இழப்பு, 2.1இல் 1 டயாப்டர். எண்கள் இப்படிப் பொருந்தாமல் போனால் சுழற்சியை விட்டுவிட்டு, லென்ஸ் பவர் மாறிப்போனதா, கார்னியா அளவு தவறா என்று தேட வேண்டும்.

டோரிக் லென்ஸ்கள் சுழல்வது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள். பின்புறம் தங்கிய ஜெல்லின் மேல் லென்ஸ் வழுக்கிக்கொண்டு நிற்கிறது, உறை அதைப் பற்றிக்கொள்ள நேரமில்லை. நீளமான கண்ணில் உறையும் பெரிதாக இருப்பதால் ஆபத்து கூடும். இவருடைய கண் சராசரி நீளம்தான். ஆகவே பழி ஜெல்லின் மேல். முனை பின்னால் போகாததும், கடைசி நிலையைக் கண்ணால் பார்க்க முடியாததும் சேர்ந்துகொண்டன.

எப்போது திருப்புவது? முதல் நாளே திருப்பினால் மறுபடி வழுக்கும். மாதம் கடந்தால் உறை லென்ஸை இறுகப் பிடித்துக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியலாம். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது. எட்டாம் நாள் அறுவை அரங்கில் பக்கத் துளை வழியாகச் சிறிது ஜெல் விட்டு, லென்ஸை உறையிலிருந்து விடுவித்து, வலஞ்சுழியாக 14 டிகிரி திருப்பப்பட்டது. இடஞ்சுழியாக நகர்ந்திருந்தது நல்லதாயிற்று. ஒற்றைத் துண்டு லென்ஸ்களின் கைகள் வளைந்திருக்கும் விதத்தால் அவை வலஞ்சுழியாகத்தான் எளிதில் திரும்பும். வலஞ்சுழியாக நகர்ந்துவிட்ட லென்ஸைச் சரிசெய்யக் கிட்டத்தட்ட அரைச்சுற்றுச் சுற்றி வர வேண்டும். பின்புற ஜெல் முழுக்க உறிஞ்சப்பட்டு, லென்ஸ் பின்னுறையோடு மெதுவாக அழுத்தி வைக்கப்பட்டது. புள்ளிகளைப் பார்க்க ஐரிஸின் விளிம்பைக் கொக்கியால் இரு பக்கமும் விலக்கி உறுதி செய்யப்பட்டது. அடுத்த வாரம் அச்சு 179, எச்ச சிலிண்டர் 0.25, கண்ணாடி இல்லாமல் 6/6இல் ஓரெழுத்து குறைவு.

சொட்டு மருந்து: பிரட்னிசலோன் அசிடேட் 1% தினம் ஆறு வேளையில் தொடங்கி வாரத்துக்கு ஒரு வேளை குறைத்து ஆறு வாரம். மாக்சிஃப்ளாக்சாசின் நான்கு வேளை ஒரு வாரம். நெபாஃபெனாக் 0.1% மூன்று வேளை ஆறு வாரம். கடைசியாகச் சொன்னது நீரிழிவுக்காரர்களுக்கு முக்கியம். அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரத்தில் மாக்குலாவில் நீர் கோப்பதை இது குறைக்கிறது. ஆறாம் வாரத்தில் நடுத்தடிமன் 281 மைக்ரான், நீர் இல்லை. வலி கூடினாலோ, பார்வை திடீரென்று இறங்கினாலோ, கண் சிவந்தாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே வர வேண்டும் என்று சொட்டு மருந்துச் சீட்டின் தலைப்பிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டது.

வலது கண்

இடது கண் நிலைத்தபின் ஒரு சோதனை. வலது கண்ணுக்கு முன்னால் சோதனைக் கண்ணாடியில் −1.25 நிலையை உருவாக்கி, தையல் மிஷின் இருக்கும் தூரத்தில் துணியைப் பிடிக்கச் சொல்லி அரைமணி நேரம் விடப்பட்டது. இரு கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்காதவர்களுக்குத் தலை கனக்கும், படியில் கால் தடுமாறும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. இந்தச் சோதனை இல்லாமல் மோனோவிஷன் வைப்பது சூதாட்டம்.

இந்த இடைவெளியில் அவரே கவனித்துச் சொன்னது ஒன்று. இடக்கண்ணை மூடினால் வெள்ளைச் சட்டைத் துணி பழுப்பாகத் தெரிகிறது, வலக்கண்ணை மூடினால் வெள்ளையாக இருக்கிறது. கருநீல நூலையும் கறுப்பு நூலையும் இடக்கண்ணால் டியூப்லைட்டிலேயே பிரித்து எடுத்துவிடுகிறார்.

வலது கண்ணின் நீளம் 23.36, கார்னியா 43.00க்கு 44.25, அதிக வளைவு கிடைமட்டத்தில். பின்புறக் கார்னியாவைச் சேர்த்து வெட்டின் விளைவைக் கழித்ததும் 1.35. லென்ஸ் படிகளில் ஒன்று 1.03ஐத் திருத்தும், அடுத்தது 1.55ஐ. அடுத்ததே எடுக்கப்பட்டது. வயது ஏற ஏறக் கார்னியா கிடைமட்ட அஸ்டிக்மாடிசம் பக்கமே நகர்வதால் இன்று 0.2 மிகைத் திருத்தம் இருப்பது பின்னாளில் நன்மை. லென்ஸ் பவர் 23.0, சிலிண்டர் 2.25, இலக்கு −1.25.

அறுவையில் வரிசை மாற்றப்பட்டது. வளையம் உள்ளே இருக்கும்போதே லென்ஸின் பின்புற ஜெல் முழுக்க எடுக்கப்பட்டது. பிறகு முன்னறையில் மட்டும் சிறிது ஜெல் விட்டு, லென்ஸை மெல்ல அழுத்திப் பிடித்தபடியே வளையம் கழற்றப்பட்டது. முன்புற ஜெல்லை உறிஞ்சியபின் கொக்கியால் ஐரிஸை விலக்கி இரு புள்ளிகளும் பார்க்கப்பட்டன. கண்ணை அதிகம் உப்பவிடாமல் மூடி, முதல் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைக்கப்பட்டார். மறுநாள் விலகல் 2 டிகிரி.

ஆறாம் வாரத்தில் வலது கண்ணின் பவர் −1.25க்கு அருகே நின்றது. இரு கண்ணும் திறந்து தூரம் 6/6, மிஷின் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் தையல் ஓடுகிறது. ஊசி கோக்கவும் பட்டன் துளை முடிக்கவும் கண்ணாடி: இடது +2.50, வலது +1.25. கடையில் தொங்கும் ரெடிமேட் வாசிப்புக் கண்ணாடி இவருக்கு ஆகாது, அதில் இரு பக்கமும் ஒரே பவர். நீண்ட தூரம் இரவில் ஓட்டும்போது போட வலது கண்ணுக்கு மட்டும் −1.25 வைத்த இன்னொரு கண்ணாடியும் செய்து தரப்பட்டது.

லென்ஸ் பெட்டியில் வரும் ஸ்டிக்கர்கள், பவர், சிலிண்டர், வரிசை எண் எல்லாம் அச்சானவை, நோயாளியின் அட்டையில் ஒட்டித் தரப்பட்டன. எந்த மருத்துவமனையில் அறுவை செய்தாலும் இதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் லென்ஸ் மாற்றவோ பவர் பிசகைத் தேடவோ வேறு ஆவணம் இல்லை. சில ஆண்டுகளில் பின்னுறை மங்கலாம். புரை திரும்ப வந்துவிட்டது என்று பயப்படுபவர்கள் உண்டு. யாக் லேசரால் சில நிமிடத்தில் அதில் திறப்பு உண்டாக்கிவிடலாம், படுக்க வைக்கத் தேவையில்லை. விழித்திரைச் சோதனை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். இவருக்கு இனிப் பார்வை குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாக்குலாவைத்தான். அடுத்த ஓசிடி ஆறு மாதத்தில்.